கணினி விட்டுக் கணினி மாறுதல் – ஒரு வரலாற்று நோக்கு

உழவன் ஒருவன் பழைய கலப்பையைக் கழித்துப் புதிய கலப்பையை ஏற்கும்பொழுது, முன்பு உழுத நிலத்தை இழப்பதில்லை. எழுதுநன் ஒருவன் தட்டச்சுப்பொறியை மாற்றும்பொழுது, முன்பு பொறித்த கடிதங்களை இழப்பதில்லை. தாள் எல்லார் கண்ணுக்கும் பொது. கணினியின் இயல்போ இவற்றின் வேறானது. ஒரு கணினியில் எழுதிவைத்ததை மற்றொரு கணினி படிக்கும் என்பதற்கு இயல்பான உறுதி யாதும் இல்லை. ஆதலின் தனியாள் கணினியொன்றை விட்டு வேறொன்றை மேற்கொள்வோர் பொறியை மட்டும் மாற்றுவாரல்லர். பல்லாண்டு தேடிய எழுத்தும் கணக்கும் தம்முடன் வருமா என்னும் வினாவையும் எதிர்கொள்கின்றனர். இவ்வினாவுக்கு விடை காண முயன்ற முயற்சிகளே தனியாள் கணினியின் வரலாற்றிற் பெரும்பகுதியாம்.

1977 ஆம் ஆண்டிலே மூன்று கணினிகள் பொதுமக்களை நோக்கி வெளிவந்தன. அவை அப்பிள் நிறுவனத்தின் அப்பிள் 2, கொமடோர் நிறுவனத்தின் பெற், ராண்டி நிறுவனத்தின் ரீ.ஆர்.எஸ்.-80 என்பன. முன்னைய இரண்டும் 6502 என்னும் நுண்செயலியையும், மூன்றாவது இசட்-80 என்னும் நுண்செயலியையும் கொண்டவை. நுண்செயலி ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த கட்டளைத் தொகுதியை மட்டுமே அறியும். ஒன்றற்கு எழுதிய செய்நிரல் மற்றொன்றற்கு அயன்மொழி. நுண்செயலி ஒன்றாயிருந்த இடத்திலும் நினைவகத்தின் அமைப்பு வேறுபட்டமையால், அப்பிளுக்கு எழுதிய செய்நிரல் பெற் கணினியில் அப்படியே இயங்கவில்லை. பிறப்பிலேயே இக்கருவிகள் ஒன்றன் மொழியை மற்றொன்று அறியாத தீவுகளாக இருந்தன எனலாம்.

1979 ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் இருவர் ஆக்கிய விசிகல்க் என்னும் விரிதாட் செய்நிரல் முதலில் அப்பிள் 2 கணினிக்கே வெளிவந்தது. வணிகர் பலர் அச்செய்நிரலின் பொருட்டே அக்கணினியை வாங்கினர். மக்கள் நாடுவது பொறியையன்று, பொறியாற் செய்யக்கூடிய வேலையையே என்பது அப்பொழுது புலனாயிற்று. இவ்வுண்மையின் மறுபக்கம், வேலை ஒரு பொறியோடு பிணிக்கப்பட்டிருக்குமாயின் மனிதனும் அதனோடு பிணிக்கப்படுகின்றான் என்பதாகும்.

இப்பிணிப்பைத் தளர்த்தும் வழியொன்றை 1974 ஆம் ஆண்டிலேயே கரி கில்டால் என்பார் வகுத்திருந்தார். அவர் ஆக்கிய சீ.பீ.எம். என்னும் பணிசெயல் முறைமை பொறிக்கும் செய்நிரலுக்கும் இடையே நின்றது. பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதி ஒரு சிறு கூறாகப் பிரிக்கப்பட்டமையால், அக்கூற்றை மட்டும் மாற்றியமைத்துப் பல நிறுவனங்களின் கணினிகளில் ஒரே செய்நிரலை இயக்க முடிந்தது. 1980 இல் மைக்கிரோசொவ்ற் நிறுவனம் இசட்-80 நுண்செயலி பொருந்திய அட்டையொன்றை வெளியிட்டது. அதனைச் செருகிய அப்பிள் 2 கணினி சீ.பீ.எம். செய்நிரல்களையும் இயக்கிற்று. பழைய கணினியைக் கைவிடாமலே புதிய உலகிற் புகுவதற்கு அஃது ஒரு வாயிலாயிற்று.

1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதன் வெற்றிக்கு அந்நிறுவனத்தின் பெரும்பெயரே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். அதுவும் ஒரு காரணமே. ஆயினும் பழையதைக் கடந்துவரும் பாதை முன்னரே செப்பனிடப்பட்டிருந்தமை அத்துணை எடுத்துப் பேசப்படுவதில்லை. இன்ரெல் நிறுவனம் 1978 இல் 8086 நுண்செயலியை வெளியிட்டபொழுது, தன் முந்திய 8080 நுண்செயலிக்கு எழுதிய செய்நிரல்களைப் பொறிமுறையாகவே புதியதற்கு மாற்றத்தக்கவாறு அதனை அமைத்திருந்தது. ஐ.பி.எம். கணினியிற் பொருந்திய 8088 அதன் உடன்பிறப்பு. அக்கணினியின் பணிசெயல் முறைமைக்கு அடிப்படையான 86-டொஸ் என்பதை 1980 இல் ரிம் பற்றர்சன் என்பார் ஆக்கியபொழுது, செய்நிரல்கள் முறைமையை அழைக்கும் முறையைச் சீ.பீ.எம். முறையை ஒட்டியே வகுத்தார். அதனால் வேர்ட்ஸ்ரார் போன்ற செய்நிரல்கள் விரைவிலே புதிய கணினிக்கு வந்து சேர்ந்தன. 1982 இன் இறுதியிலே கொம்பாக் நிறுவனம் ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். அதன்பின் கொள்வோர் கேட்ட கேள்வி “இது சிறந்த கணினியா?” என்பதன்று, “இது ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்குமா?” என்பதே. திறன் மிக்க பல கணினிகள் இக்கேள்விக்கு விடையிறுக்க இயலாமையால் வழக்கொழிந்தன.

1984 ஆம் ஆண்டு சனவரி 24 ஆந் திகதி அப்பிள் நிறுவனம் மக்கின்ரோஷ் கணினியை வெளியிட்டது. படங்களாலும் சுட்டியாலும் இயங்கிய அக்கணினி, பயில்வதற்கு எளிமையானது. எனினும் அந்நிறுவனத்தின் அப்பிள் 2 கணினிக்குரிய செய்நிரல்கள்கூட அதில் இயங்கவில்லை. அதன் 400 கிலோபைற்று நெகிழ்வட்டும் பிறர் கணினிகளாற் படிக்கப்படாததாயிற்று; வட்டின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் ஏற்பச் சுழற்சி வேகத்தை மாற்றி எழுதும் முறை அதிற் கையாளப்பட்டமையே காரணம். 1988 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் 2-எக்ஸ் கணினியின் வட்டியக்கியே ஐ.பி.எம். வழிக் கணினிகளின் நெகிழ்வட்டையும் படிக்க வல்லதாயிற்று.

ஆயினும் வட்டைப் படித்தல் வேறு, எழுத்தைப் படித்தல் வேறு. 1963 இல் வகுக்கப்பட்ட அஸ்கி நியமம் ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் 128 எண்களை வரையறுத்தது. வரி முடிவதைக் காட்டுவதற்கு அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வரியின் தொடக்கத்துக்கு மீள்வதற்கு, மற்றையது அடுத்த வரிக்கு இறங்குவதற்கு. மக்கின்ரோஷ் முன்னதை மட்டும் ஆண்டது, யுனிக்ஸ் பின்னதை மட்டும் ஆண்டது, ஐ.பி.எம். வழிக் கணினிகள் இரண்டையும் ஆண்டன. எனவே ஆங்கில உரையொன்று இடம்பெயர்ந்தபொழுதும் வரிகள் குலைந்தன. 128 க்கு மேற்பட்ட எண்களிலோ முழு வேறுபாடு நிலவிற்று. பிரெஞ்சு மொழியின் மேற்குறியிட்ட உயிரெழுத்தொன்று விண்டோஸ் முறைமையில் 233 எனவும், மக்கின்ரோஷில் 142 எனவும் பதிவுற்றது. மக்கின்ரோஷில் 233 வேறோர் எழுத்து. எழுதியவர் பிழை செய்யாதிருந்தும் எழுத்துப் பிழையாயிற்று.

நிற்க. அப்பிள் நிறுவனம் இவற்றாற் பெற்ற பாடத்தைப் பிற்காலத்தில் மறக்கவில்லை. 1994 இல் மோட்டோரோலா 68000 வரிசையை விட்டுப் பவர்பீசீ நுண்செயலிக்கும், 2006 இல் இன்ரெல் நுண்செயலிக்கும், 2020 இல் தானே வகுத்த எம்-1 என்பதற்கும் அது மாறிற்று. மும்முறையும் பழைய செய்நிரலின் கட்டளைகளைப் புதிய நுண்செயலியின் மொழிக்குப் பெயர்க்கும் செய்நிரலொன்று உடன் வழங்கப்பட்டது. 1994 இற் பணிசெயல் முறைமையின் பெரும்பகுதிகூட இப்பெயர்ப்பின் துணைகொண்டே இயங்கிற்று. 2006 இலும் 2020 இலும் வந்த பெயர்ப்பிகள் ரொசெற்றா என்னும் பெயரைப் பெற்றன. 1799 இல் எகிப்திலே கண்டெடுக்கப்பட்டு, 1822 இற் சம்பொலியன் பண்டை எகிப்திய எழுத்தின் மறைபொருளைத் திறப்பதற்குத் துணைநின்ற கல்லின் பெயர் அது. ஆனால் நூதனசாலையிலுள்ள கல் நிலைத்திருக்க, கணினியிலுள்ள ரொசெற்றா நிலைக்கவில்லை. முதல் ரொசெற்றா 2011 இல் வெளிவந்த பணிசெயல் முறைமையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் தம் செய்நிரலைப் புதுப்பிக்காதோர், புதிய முறைமையை ஏற்ற அன்றே பழையதை இழந்தனர். நிறுவனம் இட்ட பாலம் நிறுவனம் விரும்புங் காலம்வரையே நிற்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மேற்கூறிய இடர்களெல்லாம் தமிழுக்குப் பன்மடங்காக நேர்ந்தன. அஸ்கியின் 128 எண்களிலே தமிழெழுத்துக்கு இடமில்லை. எனவே எழுத்துரு வகுத்தோர் ஆங்கில எழுத்துக்குரிய எண்களிலும் அவற்றுக்கு மேற்பட்ட எண்களிலும் தத்தமக்குத் தோன்றியவாறு தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். இலங்கையிலே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு ஒருமுறையைப் பின்பற்றப் பிற எழுத்துருக்கள் பிறமுறைகளைப் பின்பற்றின. பாமினியில் எழுதிய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரையில் தோன்றுவது தமிழன்று. ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையே. இதனை நீக்கும் நோக்குடன் ரிஸ்கி என்னும் குறிமுறை வகுக்கப்பட்டது. 1999 இற் சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக ராம், ராப் என்னும் குறிமுறைகளும் எழுந்தன. பொதுமை வேண்டி எழுந்தவையே பலவாயினமையாற் பொதுமை கைகூடவில்லை.

1991 இல் வெளிவந்த யூனிக்கோட் நியமத்தின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளிக்கப்பட்டிருந்தது. அதிலே தமிழின் எண் தமிழுக்கே உரியது. வேறெம்மொழியின் எழுத்தும் அவ்வெண்ணை ஏற்பதில்லை. உயிரும் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறிகளும் புள்ளியும் எண் பெற, ஏனைய உயிர்மெய்கள் அவற்றின் சேர்க்கையால் அமைகின்றன. விண்டோஸ் 2000 முதலாகப் பணிசெயல் முறைமைகள் இதனை ஏற்றுக்கொண்டபின், ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொரு வகைக் கணினியிலும் தமிழாகவே தோன்றலாயிற்று. ஆயின் அதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் எழுதப்பட்டவை தாமாக மாறுவன அல்ல. அவற்றை ஒருவர் எடுத்து மாற்றியாக வேண்டும்.

இவ்வரலாற்றால் அறியக்கிடப்பது யாது? கணினிகள் மாறியே தீரும். அம்மாற்றத்தைத் தடுத்தல் ஒல்லாது. அழியாமற் காக்கத்தக்கது பொறியன்று, அதிற் பொறித்த எழுத்தே. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய வடிவில் வைத்த எழுத்து அந்நிறுவனத்தின் அருளை எதிர்நோக்கி நிற்கும். எல்லார்க்கும் பொதுவான நியமத்தில் வைத்த எழுத்தோ பொறி மாறினும் தான் மாறாது. ஏட்டுச்சுவடி சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தல் நம் முன்னோர் வழக்கம். அங்கே ஏடு பழுதாயினும் எஞ்சிய எழுத்தைக் கண்ணாற் படிக்கலாம். கணினியிலோ வட்டுப் பழுதின்றி இருக்கவும் எழுத்துப் படிக்கப்படாமற் போகலாம். ஆதலின் இக்காலத்திற் படியெடுக்கும் கடமை முன்னையினும் மிகுந்ததேயன்றிக் குறைந்ததன்று. கல்லூரிகளின் அறிக்கைகளும், மன்றங்களின் குறிப்பேடுகளும், ஆண்டு மலர்களின் மூலப்பிரதிகளும் பழைய எழுத்துருக்களிலும் பழைய வட்டுக்களிலும் இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கவல்ல கணினிகளும் அக்கணினிகளை அறிந்தோரும் உள்ள காலத்திலேயே அவற்றைப் பொதுநியமத்துக்கு மாற்றிவைத்தல் கற்றோர் தலைக்கடனாகும்.