பிளாட்டும் ஃப்ளாட்டும் - மாடிக் குடியிருப்பின் கதை

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒருவர் "பிளாட் வாங்கியிருக்கேன்" என்று சொன்னால், கல் நட்டு, கொடி கட்டி, விளம்பரத் தட்டி வைத்த ஒரு வீட்டு மனை கண்முன் வரும். அதே வார்த்தையைச் சென்னையில் ஒருவர் சொன்னால் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழ் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒன்று மண். மற்றொன்று மண்ணுக்கு மேலே உள்ள காற்று!

வேடிக்கையாகத் தோன்றும் இந்த வித்தியாசத்தில்தான் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. மோட்டார் போடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், மொட்டை மாடிச் சாவி, மாதச் சந்தா பாக்கி... ஒரு அபார்ட்மெண்டில் தினமும் நடக்கும் எல்லாச் சண்டைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. பொதுவான இடம் யாருடையது?

மலையில் எழுந்த கேள்வி

மண் யாருடையது என்ற கேள்வி கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குப் புதியதல்ல. ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை நெடுங்காலம் நடந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அது முடியவில்லை. 1976இல்தான் அரசு அந்தக் கிராமங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மலைவாழ் மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1996 தேர்தலில். அதுவரை தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குக்கூட அவர்கள் கையில் தாள் இல்லை. நிலத்தில் உழைப்பது வேறு, நிலத்தின் மேல் உரிமை இருப்பது வேறு என்பதை அந்த மலை நன்றாக அறியும்.

மலையடிவாரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை போகிறவர்கள் உளுந்தூர்பேட்டை வழியாகப் பஸ் ஏறுகிறார்கள். 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் அடுக்கு அடுக்காகக் கட்டடங்கள் தெரியும். ஊரில் சொந்த வாசல், சொந்தக் கிணறு என்று வாழ்ந்த குடும்பம் இங்கே நுழைந்தவுடன் எல்லாம் பொதுவாகிவிடுகிறது. வாசல் பொது, படிக்கட்டு பொது, தண்ணீர் பொது, கூரையும் பொது.

ரோமாபுரியிலிருந்து பம்பாய் வரை

அடுக்குமாடி என்பது நேற்று வந்த விஷயம் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நகரில் 'இன்சுலா' என்ற பல அடுக்குக் குடியிருப்புகள் இருந்தன. கீழே கடைகள், மேலே வாடகை வீடுகள். லாபத்துக்காக அடுக்கின் மேல் அடுக்காகக் கட்டிக்கொண்டே போனார்கள். இடிந்து விழுவதும் தீப்பிடிப்பதும் வழக்கமாகிப் போனது. கடைசியில் பேரரசர் அகஸ்டஸ் எழுபது ரோமானிய அடிக்கு மேல், அதாவது சுமார் 20 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று வரம்பு விதித்தார். கட்டட விதி என்பது அப்போதே பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் மேல்மாடி ஏழைகளுக்கு உரியது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், தீப்பிடித்தால் இறங்கி ஓட முடியாது. இதைத் தலைகீழாக மாற்றியது லிஃப்ட். 1857இல் நியூயார்க் நகரத்தின் ஒரு கடையில் ஓடிஸ் நிறுவனம் பயணிகள் லிஃப்டை அமைத்தது. அதன் பிறகு மேல்மாடிக்குக் காற்றும் மதிப்பும் கூடிவிட்டன.

இந்தியாவில் இந்த வாழ்க்கையை முதலில் பெரிய அளவில் பழகியது பம்பாய். 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ் போன்ற இடங்களில் தொழிலாளர்களுக்காக 'சால்' எனப்படும் குடியிருப்புகளைக் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, மாடிக்குப் பொதுவான கழிப்பறை. சண்டையும் அங்கேதான், பிள்ளையார் ஊர்வலமும் அங்கேதான்.

சென்னை மாடி ஏறியது

சென்னை வெகுகாலம் தரையிலேயே பரந்த நகரம். நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாக்கிய பகுதி இன்றும் சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் அந்த நினைவைச் சுமக்கிறது. 1961இல் வீட்டு வசதி வாரியத்துக்கான சட்டம் வந்தது. 1970இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. தீப்பிடிக்கும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி வீடுகள் எழுந்தன. தனியார் கட்டிய அபார்ட்மெண்ட்களும் பெருகின. பழைய பங்களாவின் தோட்டம் போய், அங்கே எட்டு வீடு, பன்னிரண்டு வீடு என்று வந்தது.

2000க்குப் பிறகு கதை கொஞ்சம் மாறியது. நகரத்தின் நடுவே இருந்த குடிசைவாசிகளை ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு கிடைத்தது, ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு. அங்கே லிஃப்ட் நின்றுவிட்டால் மேல்மாடியில் இருக்கும் முதியவருக்கு அது சாதாரணத் தொந்தரவு அல்ல, வீட்டுச் சிறை. குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

ஒன்றரை சென்ட்டுக்கும் குறைவு

ஃப்ளாட் வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் சம அளவில் எட்டு வீடுகள் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் 600 சதுர அடி பங்கு வரும். கள்ளக்குறிச்சிக் கணக்கில் சொன்னால் ஒன்றரை சென்ட்டுக்கும் குறைவு. ஆனால் அந்த 600 அடி எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. பத்திரத்தில் அதற்குப் 'பிரிக்கப்படாத பங்கு' என்று பெயர். கேட் அருகே கொஞ்சம், படிக்கட்டுக்குக் கீழே கொஞ்சம், கழிவுநீர்த் தொட்டிக்கு மேலே கொஞ்சம் என்று எல்லா இடத்திலும் எல்லாருக்கும் பங்கு உண்டு.

இந்தப் புது மாதிரி உரிமைக்குச் சட்டம் தேவைப்பட்டது. மகாராஷ்டிரம் 1963இலும் 1970இலும் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1994இல் வந்தது. மனை விற்பனைத் துறைக்கான மத்தியச் சட்டம் 2016இல் வந்தது. பழைய மாநிலச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. பழுதான கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்பது இதில் முக்கியமான மாற்றம். அதற்கு முன்பு ஒரே ஒருவர் 'முடியாது' என்றாலும் வேலை நின்றுவிடும்.

தண்ணீர் படித்த பாடம்

சட்டப் புத்தகத்தை விட வேகமாகப் பொதுவுடைமையைக் கற்றுக்கொடுத்தது தண்ணீர். மெட்ரோ தண்ணீர் கீழே சம்ப்புக்கு வரும், மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் இறங்கும். தொட்டி ஒன்றுதான். ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் எட்டு வீட்டுத் தண்ணீரும் அந்த வழியாகப் போகும். "மோட்டார் போட்டாச்சா?" என்பது அபார்ட்மெண்டில் காலை வணக்கத்துக்குச் சமம்!

2003இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடியில் விழும் மழை அனைவருக்கும் சொந்தம், அதை இறக்கும் குழிக்கும் அனைவரும் காசு போட வேண்டும். போட்ட பிறகு தூர் வார வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்தார்கள். 2019 கோடையில் சென்னை வறண்டது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்காக விடியற்காலையில் காத்திருந்தபோதுதான் அடுத்த வீட்டுக்காரர் பெயரே பலருக்குத் தெரிந்தது. அதற்கு முன் 2015 டிசம்பரில் இதற்கு நேர்மாறு. வெள்ளம் புகுந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடிகளில் கதவு திறந்தது.

விரிசலைப் பார்க்கும் கண்

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2014 ஜூன் 28. சென்னை அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம் போன்ற இடங்களிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதைக் கட்டியவர்களுக்கு அதில் பங்கு இல்லை. 'இது சரியில்லை' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சங்கமும் இல்லை.

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. ஒருவரும் இறக்கவில்லை! சுவரில் விரிசல் பெரிதாவதைப் பார்த்த குடியிருப்புவாசிகள் ஒருவரையொருவர் எச்சரித்து வெளியே வந்துவிட்டார்கள். பொருளெல்லாம் மண்ணோடு போனது, உயிர் மிஞ்சியது. அவர்களைக் காப்பாற்றியது எந்த இயந்திரமும் அல்ல. பொதுச் சுவரைத் தன் சுவராகப் பார்த்த கண்ணும், கதவைத் தட்டிய கையும்தான்.

பொதுவானதை 'நமக்கென்ன' என்று விட்டால் பிறர் உயிர் போகும் என்பதற்குக் கழிவுநீர்த் தொட்டி இன்னொரு சாட்சி. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அதற்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. தொட்டி எல்லா வீட்டுக்கும் பொது என்றால், அதில் இறங்கியவரின் மரணத்துக்கான பொறுப்பும் எல்லா வீட்டுக்கும் பொதுதானே?

சங்கம் என்னும் சிறு ஊராட்சி

பொதுவானதைப் பார்த்துக்கொள்ள ஏற்பட்டதுதான் குடியிருப்போர் சங்கம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பல சங்கங்கள் பதிவாகியிருக்கின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர், பொதுக்குழு என்று ஒரு குட்டி ஊராட்சியே நடக்கிறது. கணக்குக் கேட்பார்கள், கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்வார்கள், பொங்கலுக்குச் சேர்ந்து கோலம் போடுவார்கள்.

குறைகளும் உண்டு. வாடகைக்கு இருப்பவர் பத்து வருடம் சந்தா கட்டினாலும் பல இடங்களில் கூட்டத்தில் பேச முடியாது. காவலாளி இரவெல்லாம் விழித்திருப்பார், அவருக்கு உட்கார நல்ல நாற்காலி இருக்காது. அசைவம் சமைப்பவருக்கு வீடு இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஊரில் இருந்த பழைய சுவர்கள் சிலவற்றை மாடிக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் போலும்.

இந்தக் கதை தொடங்கிய மலைக்குத் திரும்புவோம். 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தனிப்பட்ட உரிமையோடு சமூக உரிமையையும் ஏற்றுக்கொண்டது. காட்டின் விளைபொருள், மேய்ச்சல், நீர்நிலை ஆகியவற்றின் மேல் ஊருக்கே சேர்ந்த உரிமை அது. அதைப் பேசி முடிவெடுக்கும் இடம் கிராம சபை. இதுவும் ஒருவகையில் 'பிரிக்கப்படாத பங்கு' அல்லவா? கல்வராயன் மலைக் கிராமத்தில் மரத்தடியில் கூடும் சபையும், சென்னை அபார்ட்மெண்டில் வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடும் பொதுக்குழுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இரண்டு இடத்திலும் தாளில் உரிமை எழுதியிருந்தால் மட்டும் போதாது. கூட்டத்துக்கு ஆள் வர வேண்டும். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். மோட்டார் ஓடுவதற்கும் அதே விதிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், 'வேற வேலை இருக்கு' என்று ஒதுங்குவதற்கு முன் திருவொற்றியூரில் அந்த விரிசலைப் பார்த்துக் கதவைத் தட்டியவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.