மண்டபம் எடுக்காத மாற்றம்

வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் மண்டபம் எடுக்கிறோம், வீடியோக்காரர் வருகிறார், அல்பம் அடிக்கிறோம். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். அதே மாதவிடாய் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கும்போது? "அது நிண்டிட்டுது" என்று அம்மா பெரியம்மாவுக்கு ஃபோனில் மெல்லச் சொல்வதோடு சரி.

வெறும் கூச்சம் என்று நினைத்திருந்தோம். ஆனால் கொழும்பின் வரலாற்றைப் புரட்டினால், பெண்ணுடம்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிள்ளைப்பேற்றையே சுற்றி வந்திருக்கிறது. கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்த டொக்டர் மேரி ரட்ணம், 1937இல் கொழும்பில் குடும்பத் திட்டமிடல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். 1953இல் குடும்பத் திட்டமிடல் சங்கம் வந்தது. 1965இல் அரசே அந்த வேலையைக் கையில் எடுத்தது. இவை எத்தனையோ பெண்களின் உயிரைக் காத்தன. ஆனால் பிள்ளை பெறும் வயது முடிந்தவளுக்கு அங்கே என்ன வேலை?

1994 கெய்ரோ மாநாடு இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது. இரண்டு வருடங்களில், 1996இல், 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக இலங்கையில் 'வெல் வுமன் கிளினிக்' தொடங்கியது. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துப் பிரச்சினைகளையும் சொல்லலாம்.

சொல்லலாம்தான். எந்தச் சொல்லால் சொல்வது?

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது யோனியின் தோல் மெலிந்து வறண்டுபோகிறது. உடலுறவு வலிக்கலாம். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரலாம். உடம்பு திடீரெனச் சூடாகி வியர்ப்பது பெரும்பாலும் காலப்போக்கில் தணிந்துவிடும். இந்த வறட்சி அப்படி இல்லை, கவனிக்காமல் விட்டால் கூடலாம். இதற்கான மருத்துவப் பெயரை 2014இல் சர்வதேச வல்லுநர்கள் மாற்றினார்கள். பழைய பெயரில் இருந்த 'யோனி' என்ற சொல் வெளியில் பேச வசதியாக இல்லை என்பதும் ஒரு காரணம். டொக்டர்மாருக்கே அப்படியென்றால் எங்கட அம்மாமாரைச் சொல்லி என்ன பயன்?

பேசாததால் வரும் நட்டம் சின்னதில்லை. வலியைத் தாங்கிக்கொண்டு "வயசு போட்டுது" என்று இருந்துவிடுகிறார்கள். கணவன் தன்னை வெறுக்கிறாள் என்று நினைக்கிறார். உண்மையில் வழுவழுப்பான ஜெல் முதல், டொக்டர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிறீம் வரை வழிகள் இருக்கின்றன. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டால் அதை ஒளிக்கவே கூடாது. உடனே காட்ட வேண்டும், புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

சாமத்திய வீட்டைப் போல இதற்கும் மண்டபம் எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா ஃபோனில் குரலைத் தாழ்த்தும்போது அறையை விட்டு எழும்பிப் போகிறோமே, அதை முதலில் நிறுத்துவோம். "அம்மா, கிளினிக்குக்கு நானும் வாறன்" என்று சொல்ல எங்களுக்குப் புதுச் சொல் எதுவும் தேவையில்லை.