எழுதியவர் பிழையா, காட்டியது பிழையா?



சரியான விடையை எழுதிய மாணவனுக்குத் தவறென்று அடையாளம் இடப்பட்டால் அவன் என் செய்வான்? முதலில் முறையிடுவான். கேட்பாரில்லையெனில், திருத்துபவர் ஏற்கும் பிழையையே எழுதப் பழகிக்கொள்வான். இணையத்தின் வரலாற்றிலும் இத்தகையதொரு காலம் இருந்தது.

ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுநிலையத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த உலகளாவிய வலையின் நோக்கம், ஒருவர் ஆக்கிய பக்கத்தை எவரும் எக்கணினியிலும் படித்தல் வேண்டும் என்பதாகும். அப்பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவியே உலாவி. உலாவிகள் பலவாதலின் அனைத்துக்கும் பொதுவான விதி தேவைப்பட்டது. விதி வகுக்கும் வலைக் கூட்டமைப்பு 1994இல் தோன்றியது. பக்கத்தின் அளவையும் நிறத்தையும் இடைவெளியையும் வரையறுக்கும் சி.எஸ்.எஸ். விதிகளை அஃது 1996 டிசெம்பரில் வெளியிட்டது.

அக்காலத்தில் நெட்ஸ்கேப், மைக்ரோசொப்ட் என்னும் இரு நிறுவனங்களும் சந்தையைக் கைப்பற்றக் கடும் போட்டியிட்டன. இரண்டன் உலாவிகளும் அவ்விதிகளை அரைகுறையாகவே கைக்கொண்டன.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். உள்ளடக்கத்தின் அகலம் 300 புள்ளி. இருபுறமும் இடைவெளி 20 புள்ளி வீதம். விளிம்புக்கோடு 5 புள்ளி வீதம். விதிப்படி பெட்டியின் முழு அகலம் 350 ஆகும். 1999இல் விண்டோஸ் கணினிகளுக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்னும் உலாவியோ, 300 என்பதையே முழு அகலமாகக் கொண்டு, உள்ளடக்கத்துக்கு 250 புள்ளிகளை மட்டுமே விட்டது. பக்கத்தின் ஒழுங்கு குலைந்தது. படித்தவர் உலாவியைக் குறை கூறவில்லை. விதி வழுவாது எழுதியவரையே குறை கூறினார். அவரும் வேறு வழியின்றி, அவ்வுலாவியின் மற்றொரு பிழையைப் பயன்படுத்தி, அதற்கு ஓர் அளவும் ஏனையவற்றுக்கு வேறோர் அளவும் தரும் தந்திரத்தைக் கற்றார்.

1998இல் வலைப்பக்கம் ஆக்குவோர் சிலர் ஓர் இயக்கமாகத் திரண்டு, விதிகளைப் பின்பற்றுமாறு நிறுவனங்களை வற்புறுத்தினர். ஆயின், பிழையைத் திருத்துவதிலும் ஓர் இடர் இருந்தது. பிழைக்கேற்ப எழுதப்பட்ட பழைய பக்கங்கள் திருத்திய உலாவியில் சிதைந்துவிடும். ஆகவே 2000ஆம் ஆண்டில் மக்கின்டோஷ் கணினிக்கான எக்ஸ்புளோரர் 5 ஒரு சமரச வழியைக் கண்டது. பக்கத்தின் தலையில் உரிய ஆவண அறிவிப்பு இருப்பின் விதிப்படி வரையும். இன்றேல் பழைய வழக்கப்படி வரையும். 2001இல் விண்டோஸுக்கு வந்த எக்ஸ்புளோரர் 6 உம் இவ்வழியையே பின்பற்றிப் பெட்டியளவைத் திருத்திக்கொண்டது. எனினும் வேறு பிழைகள் அதில் எஞ்சின. அடுத்த பதிப்போ 2006 வரை வரவில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அன்று பிழையெனப்பட்ட அளவுமுறை பலருக்கு வசதியாகத் தோன்றிற்று. விரும்புவோர் அதனைத் தெரிவுசெய்ய இன்று விதியே இடமளிக்கின்றது. அவ்வாறாயின், அன்று நிகழ்ந்தது பிழையன்றோ எனக் கேட்கலாம். பிழையே. அளவுமுறையிற் குற்றமில்லை; எல்லோருக்கும் பொதுவென வகுத்த விதிக்கு மாறாக வலியவர் ஒருவர் நடந்ததே குற்றம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்புளோரருக்கு 2022 யூன் மாதத்தில் ஓய்வளித்தது. எனினும், பழைய பக்கங்களுக்கென ஒரு பழைய வழியை இன்றைய உலாவிகளும் தம்முள் சுமந்தே வருகின்றன. பிழை செய்தவர் போய்விட்டார், சுமை போகவில்லை.