ஊவா மலைநாட்டின் பழைய வீடுகள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகரிலும் அதைச் சூழ்ந்த அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களிலும் எஞ்சி நிற்கும் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கண்டி அரசின் பிரதானிகள் வாழ்ந்த வளவு, வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களா, தமிழ்த் தொழிலாளரின் லயம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. கட்டடக்கலை நூல்கள் வளவையும் பங்களாவையும் விரிவாகப் பேசுகின்றன. லயத்தைச் சுகாதார அறிக்கைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் மலைச்சரிவில் நின்று பார்த்தால், பங்களாவும் லயமும் ஒரே கட்டட ஏற்பாட்டின் இரண்டு முனைகள் என்பது விளங்கும்.

ஊவாவில் 1818-க்கு முந்திய வீடு அரிது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1630-இல் படையுடன் வந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் கொல்லப்பட்டார். 1817–18 ஊவா வெல்லசைக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர் ஊர்களை எரித்தனர், பழமரங்களை வெட்டினர், குளங்களை உடைத்தனர். கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்ட ஊவாத் திசாவை (மாகாண அதிகாரி) கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். அழிந்த வீடுகள் பெரும்பாலும் மண் வீடுகளே. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலின்படி, சாதாரணக் குடிகள் ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ, மாடி எழுப்பவோ கூடாது. ஓடும் சுண்ணாம்பும் அரசன் அளிக்கும் தகுதிச் சின்னங்களாக இருந்தன. வீட்டைப் பார்த்தே குடியின் நிலையைச் சொல்லிவிடலாம் என்ற இந்த ஒழுங்கு கண்டி அரசோடு முடிந்துபோகவில்லை.

வளவு இந்தத் தகுதியைப் பெற்றவரின் வீடு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள் என்பது அதன் அமைப்பு. வரிச்சுக் கட்டி மண் பூசிய தடித்த சுவர். மேலே செங்குத்தாக இறங்கிப் பாதியில் சரிவு மாறும் கண்டிக் கூரை. அதன்மேல் தட்டையான சிற்றோடு. மழைநீர் சுவரைத் தொடாமல் தூரத்தில் விழும்படி இறவாரம் நீண்டிருக்கும். ஊவாவில் இன்றுள்ள வளவுகளில் பல, 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியின் கீழ் ரட்டே மகாத்மயாக்களாக, அதாவது பிரிவுத் தலைவர்களாக, பதவி வகித்த குடும்பங்கள் திருத்தியோ புதிதாகவோ கட்டியவை. அவற்றில் கண்டி முற்றத்தோடு ஆங்கிலேயப் பாணி முன்முகமும் தூண் வைத்த விறாந்தையும் சேர்ந்துகொண்டன.

பதுளை நகரம் பிரித்தானியர் காலத்தில் முதலில் படைமுகாமாகவும் பிறகு அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரி உள்ள ஊராகவும் வளர்ந்தது. இக்காலத்து வீடுகளில் எழுத்தில் பதிவானது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் இல்லம். படைத் தளபதியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்த இவர் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அக்கால நூல்கள் தரும் கணக்கு. பிரஷ்ய இளவரசர் வால்டிமாரோடு 1844-இல் வந்த மருத்துவர் ஹொஃப்மைஸ்டர் அந்த வீட்டைக் கண்டு எழுதியிருக்கிறார்: விறாந்தையின் ஒவ்வொரு கதவருகிலும் பெரிய தந்தங்கள், சாப்பாட்டு அறையின் மூலைதோறும் தந்தங்கள். இலங்கை யானைகளில் கொம்பன்கள் சொற்பம். அத்தனை தந்தம் சேர எத்தனை யானை விழுந்திருக்க வேண்டும் என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ரொஜர்ஸ் 1845 ஜூன் 7 அன்று அப்புத்தளை ஓய்வு விடுதியில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளையில் இன்றும் இருக்கிறது. தந்தங்கள் நிறைந்த அந்த வீடு ஏட்டில்தான் இருக்கிறது. ஊவா தனி மாகாணமானது 1886-இல். அதன் பிறகே பதுளையில் பெரிய அரசாங்க இல்லங்களும் அலுவலகங்களும் பெருகின.

தோட்ட வீடுகளின் வரலாறு கோப்பியோடு தொடங்குகிறது. காடு வெட்டி நிலம் திருத்திய முதல் தலைமுறைத் துரைமார் கட்டிக்கொண்டவை மரத்தூண், மண் சுவர், மானாப்புல் கூரை கொண்ட குடில்கள். தொழிலாளர் இருந்தது அதனினும் கீழான கொட்டகைகளில். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக வந்து கோப்பி பறித்த தொழிலாளர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். திரும்பிப் போகிறவனுக்கு எதற்கு வீடு என்பது தோட்டச் சொந்தக்காரரின் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியது ஒரு பூஞ்சை. கோப்பி இலைத்துரு நோய் 1869-இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது மடுல்சீமைத் தோட்டமொன்றில்தான். இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்கள் ஆள் போதும். தேயிலையிலோ வாரந்தோறும் கொழுந்து எடுத்தாக வேண்டும். தொழிலாளர் பெண்களோடும் பிள்ளைகளோடும் நிரந்தரமாகத் தங்கவேண்டியதாயிற்று. கொட்டகை லயமானதும் குடில் பங்களாவானதும் இந்தத் திருப்பத்தில்தான். ஊவாவின் பழைய வீடுகளில் பெரும்பங்கு 1880-க்குப் பிந்தியதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இரயில் இன்னொரு காரணம். பாதை 1893-இல் அப்புத்தளையையும் 1894-இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. அதற்கு முன் இரும்பு, கண்ணாடி, சீமெந்து எல்லாம் மாட்டு வண்டியில் மலையேற வேண்டியிருந்தது. அதனால் ஆரம்பப் பங்களாக்களில் அந்தந்தத் தோட்டத்தில் உடைத்த கருங்கல்லும் அங்கேயே அறுத்த மரமுமே மிகுதி. இரயில் வந்ததும் நெளிதகடு மலிந்தது. ஊவாவில் தகரக் கூரை ஏழ்மையின் அடையாளமல்ல. துரை வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் ஒரே தகரம்தான். துரை வீட்டுத் தகரத்தின்கீழ் பலகை வைத்த உட்கூரை இருந்தது, லயத்தில் இல்லை.

பங்களா என்ற சொல் வங்காளத்து நாட்டு வீட்டின் பெயரிலிருந்து பிறந்தது. சமவெளியில் அது வெயிலுக்கு அஞ்சிக் கட்டப்பட்ட வீடு: நாற்புறமும் அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, காற்றோட்டம். ஊவாவில் அஞ்சவேண்டியது குளிரும் காற்றும். நவம்பர் முதல் வடகீழ்ப் பருவ மழை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது இந்தக் கச்சானே. அதனால் இங்குள்ள பங்களாவில் விறாந்தையின் ஒரு பகுதி கண்ணாடிச் சன்னல் போட்டு அடைக்கப்பட்டிருக்கும். வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் கணப்பு அடுப்பும், கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கியும் உண்டு. சமையற்கட்டு மட்டும் இந்திய வழக்கப்படி பின்னால் தனித்து நிற்கும். அங்கிருந்து மூடிய நடைவழியொன்று சாப்பாட்டு அறைக்கு வரும். சமையற்காரரான அப்புவும் பங்களா வேலையாட்களும் தங்கும் அறைகள் அந்தப் பின்கட்டில்தான். ஆங்கில நாட்டுப்புற வீட்டின் முகமும் வங்காள வீட்டின் பின்புறமும் கொண்ட இந்தக் கலப்பு, திட்டமிட்டு உண்டானதல்ல. பங்களாக்களில் பலவற்றைத் துரைமாரே வரைந்து, மேசன்மாரையும் தச்சர்களையும் வைத்துக் கட்டி, குடும்பம் பெருகப் பெருக ஒட்டுச் சேர்த்தார்கள். தரைத்தளம் அறைக்கு அறை ஏறி இறங்குவது அதனால்தான்.

தோமஸ் லிப்டன் 1890-இல் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதென்னை, லேமஸ்தொட்ட, மொனரகந்த தோட்டங்களை வாங்கினார். அதே ஆண்டு தம்பேதென்னையில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. லிப்டனுக்கு வீட்டைவிடக் காட்சியில் நாட்டம் அதிகம் போலும். அவர் பெயரை ஊவாவில் நிலைக்கச் செய்தது ஒரு கட்டடமல்ல, அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த மலையுச்சி.

வீடு கட்டுவதையே வாழ்நாள் ஆசையாகக் கொண்டவர் சர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ். இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் அடிஷாம் என்ற சிற்றூரில் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். தாய்வழியில் பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் பேரர். 1887-இல் இலங்கை வந்து தோட்டத்தில் வேலை பழகி, ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் உயர்ந்தார். அப்புத்தளையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், தங்கமலைக் காட்டை ஒட்டி 1931-இல் கட்டிய மாளிகைக்குப் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். கென்டிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் கொண்டு பூத், வெப்ஸ்டர் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் வரைந்தது அது. கொத்திய கருங்கல் சுவர், குறுகி உயர்ந்த சன்னல்கள், பர்மாத் தேக்குக் கதவுகள், தரையிலும் படிகளிலும் தேக்கு, தகரத்துக்குப் பதில் மரச் சில்லுக் கூரை. வசிப்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களோடு அப்படியே பேணப்படுகின்றன.

கட்டடமாக அடிஷாம் ஊவாவுக்கு உரியதல்ல. சுற்றியுள்ள பங்களாக்கள் மழைக்கும் காற்றுக்கும் பயந்து மெல்லமெல்ல உருமாறியவை. இதுவோ ஒரு நினைவை முழுசாக இறக்கி வைத்தது. கல்லைக் கொத்திய கைகளின் திறமைதான் அதில் உள்ளூர்ச் சரக்கு. மாளிகை பிறகு கைமாறி, 1961-இல் பெனடிக்டைன் துறவியரிடம் வந்து புனித பெனடிக்ட் மடமானது. வார இறுதியிலும் போயா (பௌர்ணமி) தினத்திலும் அரச விடுமுறையிலும் பார்வையாளர் போகலாம். துறவியர் செய்யும் பழச்சாறும் ஜாமும் வாசலில் விற்பனைக்கு இருக்கும்.

ஒரு தோட்டத்தின் அமைப்பைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம். ஓடையை ஒட்டிய பள்ளத்திலோ தேயிலைக்கு ஆகாத செங்குத்துச் சரிவிலோ லயங்கள். அதற்கு மேலே தொழிலாளரைக் காலையில் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பிரா. தொழிற்சாலையை ஒட்டிக் கணக்கப்பிள்ளைக்கும் டீமேக்கருக்கும் குவாட்டஸ். நடுமலையில் சின்னத்துரை பங்களா. எல்லாவற்றையும் பார்க்கும் மேட்டில் புல்தரையும் பூந்தோட்டமுமாகப் பெரிய துரை பங்களா. மேலேயிருந்து லயத்தின் வாசல் தெரியும். லயத்திலிருந்து பார்ப்பவருக்கு எதிரே தேயிலைச் சரிவும் மேலே பங்களாவின் புகைபோக்கியும்.

லயம் என்பது ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழில் பெற்ற உருவம். நீண்ட ஒரே கட்டடத்தில் சுவர் வைத்துப் பிரித்த அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு காம்பிரா, ஒவ்வொரு காம்பிராவும் ஒரு குடும்பம். அளவு பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. முன்னால் ஆறடி அகலம்கூட இல்லாத திண்ணையான இஸ்தோப்பு. காம்பிரா என்ற சொல் போர்த்துக்கேயத்திலிருந்தும் இஸ்தோப்பு என்பது ஒல்லாந்திலிருந்தும் வந்தவை. மலையகத் தமிழின் வீட்டுச் சொற்களில் கரையோர ஆட்சிகளின் தடம் இப்படிப் பதிந்திருக்கிறது. ஒற்றை லயத்தில் ஒரு பக்கம் மட்டும் அறைகள். இரட்டை லயத்தில் இரு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பின்சுவர் பொது என்பதால் பின்கதவும் இல்லை, சன்னலும் இல்லை. பத்துக் காம்பிரா லயம், இருபது காம்பிரா லயம் என்று எண்ணிக்கையே பெயராகும். பழைய நாளில் ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் ஆட்களாகவும் சாதிவாரியாகவும் லயம் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், தென்னிந்தியச் சேரியும் தெருவும் அதே வரிசையில் மலையேறின.

லயத்துக்குப் புகைபோக்கி கிடையாது. இஸ்தோப்பின் ஒரு மூலையைத் தகரமோ சாக்கோ வைத்து அடைத்துக் குசினியாக்குவார்கள். தேயிலையைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டிய குச்சிகளான மிலாறுதான் விறகு. புகை காம்பிராவுக்குள் திரும்பிக் கூரையடியில் சுற்றும். பல ஆண்டுப் புகையில் தகரத்தின் உட்புறம் தார் பூசியதுபோலக் கறுத்துப் பளபளக்கும். மார்கழிக் குளிரில் விடியற்காலை அந்தத் தகரத்தில் வேர்த்த நீர் படுத்திருப்பவர் மேல் சொட்டும். ஒரு காம்பிராவில் சேலையைக் குறுக்கே கட்டினால் புதுப்பெண் மாப்பிள்ளைக்கு அறை. குடியிருந்தவர்கள் காலப்போக்கில் முன்புறம் பந்தல் இறக்கினார்கள். பின்புறம் குசினி ஒட்டினார்கள். பீலியில் (குழாய்வழி ஊற்றில்) வரும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். வாசலில் காய்கறிப் பாத்தியும் செவ்வந்தியும் வைத்தார்கள். கம்பெனி கட்டியது பாசறை. அதை வீடாக்கியது அங்கே இருந்தவர்கள். இந்த ஒட்டுவேலையே லயத்தின் கட்டடக்கலை.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காம்பிரா வேலையோடு சேர்ந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் குடியுரிமை இழந்தவர்களுக்கு வீட்டுரிமைப் பேச்சே எழவில்லை. தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போனபோதும் லயத்தின் உறுதிப் பத்திரம் குடியிருப்பவர் கைக்கு வரவில்லை. அதே காலத்தில் பங்களாக்களில் சில பாழடைந்தன. அப்புத்தளைத் தொட்டுலாகலைப் பங்களாபோல் வேறு சில உயர்விலை விடுதிகளாயின. கணப்பு அடுப்பும் பழைய கட்டிலும் இப்போது அங்கே விலைபோகும் சரக்கு.

லயம் எந்த இடத்தில் கட்டப்பட்டது என்பதன் விலை 2014 அக்டோபர் 29 காலையில் தெரிந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகள் மண்ணுக்குள் போயின; பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. ஆனால் வேறிடம் போவதற்குச் சொந்தக் காணி யாரிடமும் இருக்கவில்லை. பிழைத்தவர்களுக்குப் பூணாகலையில் 75 வீடுகள் 2016-இல் கையளிக்கப்பட்டன. இந்திய உதவித் திட்டங்களின் கீழ் மலையகமெங்கும் எழுந்துவரும் 550 சதுர அடித் தனி வீடுகள் ஊவாவிலும் உள்ளன. புது வீடு வந்த இடத்தில் பழைய லயம் இடிபடுவது நியாயமே. அதில் வாழ்ந்தவர் எவரும் அதற்காக அழப்போவதில்லை.

இந்தப் பழைய வீடுகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் தானாக வராது. இலங்கையின் 1940 தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2-க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முந்திய கட்டடங்களையே தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. பிந்தியவை தனித்தனியே அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாப்பு. தோட்ட வீடுகள் எல்லாமே அந்த நாளுக்குப் பிந்தியவை. லயத்தை லயமாகவே வைத்துக் காட்டும் காட்சியகம் மத்திய மாகாணத்தில் கம்பளைக்கு அருகே, பழைய லயக் காம்பிராக்களில் 2007 முதல் இருக்கிறது: தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம்.