மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த ஊர்

தனி மனிதர் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பார். கம்பெனி கொடுக்கும். ஒரு ஊரே கொடுக்குமா? கொடுத்தது! 2013 ஜூலை 18. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். கடன், சுமார் 1,800 கோடி டாலர்.

அடுத்த வருஷம், அந்த ஊர்க்காரர் ஒருவரின் இருபது வருட இசையைத் தொகுத்து மூன்று சி.டி.க்கள் வந்தன. பெயர், 'எம்-பிரின்ட்'. வெளியிட்டது பெல்ஜியம் நாட்டுக் கம்பெனி. ஆசாமியின் பெயர் ராபர்ட் ஹூட். 'மினிமல் டெக்னோ' என்ற இசையின் பிதாமகர்களில் ஒருவர். மினிமல் என்றால் 'ஆகக் குறைவு'. அதற்கு மூன்று சி.டி.யா என்று கேட்காதீர்கள்!

ஹூட் பிறந்த 1965-லேயே ஊர் காலியாக ஆரம்பித்திருந்தது. 1967-ல் பெருங்கலவரம், 43 பேர் சாவு. கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஊரின் பெருமையான மோட்டவுன் இசைக் கம்பெனியும் 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. 1950-ல் 18 லட்சத்தைத் தாண்டிய ஜனத்தொகை, 2010-ல் ஏழு லட்சத்துச் சொச்சம்.

மிச்சமிருந்த கறுப்பின இளைஞர்கள் சிலர் டிரம் மெஷினோடு உட்கார்ந்தார்கள். பிறந்தது டெக்னோ. ஹூட், ஜெஃப் மில்ஸ், மைக் பேங்க்ஸ் ஆகியோரின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழு அதில் பிரசித்தம். ஐரோப்பா இந்த இசையை வாரிக்கொண்டது. கூடவே வேகத்தையும் இரைச்சலையும் ஏற்றிக்கொண்டே போனது.

ஹூட் எதிர்த்திசையில் நடந்தார். ஒவ்வொரு சத்தமாகக் கழித்தார். 1994-ல் 'மினிமல் நேஷன்' வந்தது. அதே வருஷம் 'எம்-பிளான்ட்' என்று சொந்த லேபிள். பிளான்ட் என்றால் தொழிற்சாலைதானே? ஊரில் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள், இவர் திறந்தார்!

கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு 'தும் தும்', ஒரு 'ட்ஸ்', இரண்டு மூன்று ஸ்வரங்கள். அவ்வளவுதான். முதல் நிமிஷம், கீறல் விழுந்த ரெக்கார்டோ என்று சந்தேகம் வரும். மூன்றாவது நிமிஷம் காது கூர்மையாகிவிடும். 'ட்ஸ்' சத்தம் லேசாக நீண்டாலே ஏதோ நடந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் மூன்று சி.டி.யையும் ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும். டி.ஜே.க்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கவிடுவதற்காகச் செய்தவை இவை.

காமர்ஸ் படித்தவன் நான். இதில் எனக்குக் கணக்குப் புத்தகம்தான் தெரிகிறது. எதைக் கழித்தால் பாட்டு நிற்கும், எதைக் கழித்தால் விழும்? 2014-ல் திவால் கோர்ட்டுக்கும் அதே கேள்விதான். மியூசியத்தில் வான்கா ஓவியம் இருந்தது. விற்றால் காசு. இல்லையென்றால் பென்ஷன்காரர்கள் வயிற்றில் கை வைக்க வேண்டும். அறக்கட்டளைகளும் மாநில அரசும் மற்றவர்களும் 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்ததால் ஓவியங்கள் தப்பின. நகராட்சியின் பொது ஊழியர்கள் தப்பவில்லை. பென்ஷனில் 4.5 சதவிகிதம் வெட்டு. விலைவாசிப்படி ரத்து.

அந்த டிசம்பரில் டெட்ராய்ட் திவாலிலிருந்து வெளியே வந்தது. ஹூட் அங்கே இல்லை. அதற்குப் பல வருஷம் முன்பே குடும்பத்தோடு அலபாமாவுக்குக் குடிபோய்விட்டார். அங்கே அவர் பாதிரியாரும்கூட. பிற்பாடு மகள் லிரிக்கையும் சேர்த்துக்கொண்டு, 'ஃப்ளோர்பிளான்' என்ற பெயரில் அப்பாவும் பெண்ணுமாக ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆரம்பித்தார்கள்.