பாட்டிலில் வந்த கடிதமும் பங்குனி ஆமையும்

எனக்குச் சொந்த ஊர் கடமலைக்குண்டு. தேனி மாவட்டம், வருசநாட்டு மலை பக்கம். நான் கடலை முதன்முதலா பார்த்ததே சென்னையில இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான். அப்படிப்பட்டவன் இன்னைக்கு கடல் ஆமையைப் பத்திப் பேசப் போறேன். காரணம், இன்னொரு இன்ஜினியரிங் மாணவர்.

அவர் பேர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸில் படிக்க வந்தவருக்கு வகுப்பறையை விட கடல்தான் பிடிச்சிருந்தது. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரோட சென்னை பாம்புப் பண்ணைதான் இங்கே ஆமை ஆய்வுக்கு அடித்தளம் போட்டது. சதீஷும் அதில் சேர்ந்தார். ராத்திரி ராத்திரியா மணலில் நடந்து, பங்குனி ஆமையின் தடத்தைத் தேடுவாங்க. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். நாயும் மனுஷனும் தோண்டுறதுக்கு முன்னாடி அதை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பாங்க. சுமார் ஐம்பது நாளில் குஞ்சு வெளியே வரும். அதைக் கொண்டு போய்க் கடலில் விடுவாங்க.

சதீஷ் சென்னையோடு நிற்கலை. இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே கணக்கெடுத்தார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுதுன்னு நமக்கு ஓரளவு தெரியுதுன்னா, அதில் பெரும்பங்கு அவரோட நோட்டுப் புத்தகங்களுக்கு உண்டு. 1988இல் சென்னை மாணவர்கள் ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினாங்க. அந்த ராத்திரி நடை இன்னைக்கும் நடக்குது.

1982 மழைக்காலத்தில் சதீஷ் லட்சத்தீவின் சுஹேலியில் தன்னந்தனியா தங்கினார். ஆளில்லாத தீவு. படகு வராது, தபால் கிடையாது. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைச்சு, கடலில் எறிந்தார். 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைச்சது. அவர் அதைத் தபாலில் அனுப்பி வெச்சார்!

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர் மூல வைகைதான் ஞாபகம் வந்தது. பாதி நாள் வறண்டு கிடக்கும் அந்த ஆத்தில், சின்ன வயசில் நானும் கவரும் பாட்டிலும் எறிஞ்சிருக்கேன். 'வெள்ளம் வந்தா அடிச்சிட்டுப் போயிடும்'னு நினைப்பு. அடிச்சிட்டு எங்கே போகும்? வழியில் வைகை அணையும் கண்மாய்களும் இருக்கு. அதையெல்லாம் தாண்டிப் போறது ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணையில் சேரும். அது கடற்பசு மேயும் கடல்.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ரெண்டு பெண்கள் ஒரு கடற்கரைத் துப்புரவை நடத்தினாங்க. வந்தவங்களை வெறுமனே பொறுக்கச் சொல்லலை. ஒவ்வொரு பொருளையும் எழுதி வைக்கச் சொன்னாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாள் அதிலிருந்து வந்ததுதான். எண்ணி எழுதினாதானே எங்கிருந்து வருதுன்னு தெரியும்? நம்ம மொழியில் சொன்னா, லாக் இல்லாம பக்கை எப்படிப் பிடிப்பீங்க?

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகரில் குப்பை பொறுக்கிட்டு செல்ஃபி எடுத்தவன்தான் நானும். தப்பில்லை. ஆனா போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, மூல வைகையில் பாலத்தடியில் ஒரு மணி நேரம் நின்னு எண்ணினேன். பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் 212. எதிலும் கடிதம் இல்லை.

உங்க ஊர் ஆத்திலும் ஒருதடவை எண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.