கறுப்பாகப் பிறந்த தொப்பி

சாலைப் பணியாளர் தலையில் இன்று பளீரென்று தெரியும் ஹெல்மெட், பிறந்தப்போ கறுப்பு. 1919-இல் சான் பிரான்சிஸ்கோவின் புல்லார்ட் நிறுவனம், கித்தான் துணியை ஆவியில் வேகவைத்து, பசை போட்டு அடுக்கி, கறுப்பு பெயின்ட் அடித்து விற்றது. வாங்கியவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். மேலிருந்து கல் விழுந்தால் மண்டை தப்பணும், அவ்வளவுதான் கணக்கு. அடுத்தவர் கண்ணில் படணும் என்ற தேவை அங்கே எழவில்லை.

சாலையில் ஆபத்து பக்கவாட்டில் வருது. அதற்கான விடை வேறொரு பட்டறையில் கிடைத்தது. 1930-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பாப், ஜோ ஸ்விட்சர் சகோதரர்கள் ஒளிரும் சாயங்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். பிற்பாடு ‘டே-குளோ’ என்று பேர் வாங்கியது அதுதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் சாயம். அதனாலதான் மேகமூட்டத்திலும் விடியற்காலையிலும் அது தனியா எடுத்துக்காட்டுது.

ராத்திரியில்? வண்டி விளக்கில் புற ஊதா சொற்பம். அங்கே உதவுவது, விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. பள்ளத்தில் இறங்கி வேலை செய்பவரின் ஜாக்கெட் மறைஞ்சுடும், தலை மட்டும்தான் வெளியே தெரியும். பட்டை ஒட்டாத ஹெல்மெட், இருட்டில் மறுபடி 1919-க்கே போயிடுது.